சைனீஸ் சாப்பிடப் போறவை முதல் குசினியைப் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முதல் உங்கட ஞாயிறு பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தார், யாழ்ப்பாண ரவுனுக்குள்ள வாயில வைக்கக்கூடிய சைனீஸ் கடை ஒண்டும் இல்லை, நல்ல சைனீஸ் சாப்பிடோணும் எண்டா கொழும்புக்குத்தான் பஸ் ஏறோணும் எண்டு. வாசிச்சிட்டு மனிசிட்டயும் காட்டினன். அவ சிரிச்சுப் போட்டு "போன மாசம் நீங்களும் உதைத்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்" எண்டா. சொன்னது உண்மைதான், ஆனா அது ஒரு கடையில சாப்பிட்டுட்டு வந்த கோவத்தில சொன்னது. இப்ப ஆறுதலா யோசிச்சுப் பாத்தா கடை இல்லாதது இல்லைப் பிரச்சினை, நாங்கள் கடை தெரிவு செய்யிற விதம்தான் பிழை எண்டு படுது. அதைப்பற்றி நாலு வரி எழுதுவம் எண்டு இருந்தன், நாலு வரியில நிக்கேல்லை, மன்னிக்கோணும்.

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிப்போடுறன், இல்லாட்டி உவருக்கு என்ன தெரியும் எண்டு கேப்பினம். நான் 87 இல பாரிசுக்குப் போன ஆள், 2011 இல திரும்பி வந்து இப்ப கொக்குவில்ல இருக்கிறன். அங்க போன புதுசில, பாரிசில எங்கட தமிழ்ச் சனம் கூடுற லாசப்பலில ஒரு அறைக்குள்ள ஏழு பேர் படுத்தெழும்பி, விசாவும் இல்லை பாசையும் இல்லை எண்டு திரிஞ்சு, கடைசியில பதின்மூண்டாம் வட்டாரத்தில ஒரு சைனீஸ் றெஸ்ரோறன்ட்டில கோப்பை கழுவப் போய் அதுக்குள்ளையே பதினொரு வருசம் ஓடிப்போச்சுது. கோப்பை கழுவினது ரெண்டு வருசம், வெங்காயமும் கோழியும் வெட்டினது அஞ்சு வருசம், அதுக்குப் பிறகுதான் தாச்சிக்குக் கிட்டப் போக விட்டவை. முதலாளி பரம்பரைச் சீனன், ஆனா சீனாவைக் கண்ணாலையும் காணாத மனிசன், கம்போடியாவில பிறந்து, அங்க ஆட்சியைப் பிடிச்சுச் சனத்தை அழிச்ச பொல் பொட்டின்ர ஆக்களுக்குத் தப்பி ஓடி வந்தவர். அந்த வட்டாரத்தில கனபேர் அப்பிடித்தான், 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் எண்டு மூண்டு நாட்டில இருந்தும் ஓடி வந்து இருந்த சீனச் சனம். அவரும் அகதி நானும் அகதி, நாங்கள் ரெண்டுபேரும் கதைச்ச பிரெஞ்சு ஒரு பிரெஞ்சுக்காரனுக்கும் விளங்காது, எங்களுக்குள்ள மட்டும் வடிவா விளங்கும்.

இனி அந்தக் கோவம் வந்த கதை. கனடாவில இருந்து மகள் குடும்பம் வந்து நிண்டது. ஒரு ஞாயிறு பின்னேரம் பண்ணைப் பக்கம் போய்க் காத்து வாங்கிப் போட்டுத் திரும்பேக்க சின்னப் பேத்தி "அம்மப்பா, நூடில்ஸ்" எண்டு தொடங்கீட்டாள். ஆருக்கும் பெரிய விருந்து ஒண்டும் வேண்டாம், சும்மா இருந்து கதைச்சுக் கதைச்சுச் சாப்பிட்டு வர ஒரு இடம் இருந்தாக் காணும். மாமியும் எங்களோட வந்தவ, மனிசியின்ர தாய், எண்பத்தொரு வயசு, பிறந்ததில இருந்து மச்சம் வாயில வைக்காதவ. மருமோன் போனில படங்களைத் தட்டித் தட்டிப் பாத்து ஒரு கடையைச் சொன்னார். பேர் எழுதேல்லை, எழுதுறது நியாயமும் இல்லை. வாசல்ல சிவப்புக் கூண்டு லைற், கவுண்டரில கை ஆட்டிக்கொண்டு தங்க நிறத்தில ஒரு பூனைப் பொம்மை (அந்தப் பூனை ஜப்பான்காரன்ர எண்டது வேற கதை), உள்ளுக்கு நல்ல ஏசி. மெனுப் புத்தகம் வந்தது, பன்ரெண்டு பக்கம், சைனீஸ், இந்தியன், பீட்சா, பேர்கர், கொத்து, கடைசிப் பக்கத்தில பலூடா. ஒரு குசினிக்குள்ள இவ்வளவும் எப்பிடி நடக்கும் எண்டு எனக்குத் தெரியாமலில்லை, அப்பவே எழும்பியிருக்கோணும், பிள்ளையளின்ர முகத்தைப் பாத்திட்டுப் பேசாமல் இருந்திட்டன்.

மாமிக்கு வெஜிடபிள் பிரைட் றைஸ், மற்றவைக்குக் கோழியும் இறாலும். வந்த சோறு கரண்டியால அள்ளினா கட்டியா வருது, மேல சோயா சோஸ் மண்ணிறத்தில, அடியில எண்ணெய். அதைக்கூட விடுங்கோ. மூண்டாவது வாயோட மாமி கையை நிப்பாட்டிப் போட்டு, கோப்பையின்ர கரையில ஏதோ ஒண்டை விரல் நுனியால மெல்ல ஒதுக்கி வைச்சா. எட்டிப் பாத்தன். இறால் துண்டு, நகத்தளவும் வராது, றோஸ் நிறத்தில சுருண்டு கிடக்குது. வெயிற்றர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்ட அவன் பயந்துபோய் "சொறி ஐயா, முதல் போட்ட மிக்ஸ் றைஸ் தாச்சியில ஒட்டியிருந்து வந்திருக்கும்" எண்டான். மாமி ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போய் வாய் கொப்பிளிச்சிட்டு வந்து "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்கு ஒரு பிளேன் ரீ சொல்லுங்கோ" எண்டு இருந்தா. அந்த ரீக்கும் பில்லில காசு, அதுக்கு மேல பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ்.

அந்தப் பொடியனில எனக்குக் கோவமில்லை, அவன் தெரியாமலே உண்மையைச் சொல்லிப் போட்டான். தாச்சி கழுவேல்லை. பாரிசில எங்கட குசினியில ஒரு சாப்பாடு இறங்கின உடன தாச்சிக்குள்ள ஒரு அகப்பை தண்ணி விழும், ஈர்க்குக்கட்டு மாதிரி ஒரு மூங்கில் பிறஷ் இருக்கும், அதால ஒரு சுழட்டுச் சுழட்டி, தண்ணியைக் கவிட்டு ஊத்தி, திருப்பி நெருப்பில வைச்சா ஈரம் புகையாப் போயிடும், எல்லாம் அஞ்சாறு செக்கன் வேலை. நான் தாச்சிக்கு வந்த முதல் கிழமை ஒருநாள் அவசரத்தில கழுவாமல் அடுத்ததைப் போட்டிட்டன், முதலாளி ஒண்டும் கதைக்கேல்லை, என்ர கையில இருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி வெங்காயத்துக்கு அனுப்பினார், ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம்தான் நான் அங்க படிச்ச பெரிய படிப்பு.

அதால நான் சொல்லுறது, லைற்றையும் ஏசியையும் பூனையையும் பாக்காமல் குசினியைப் பாருங்கோ. உள்ள போகத் தேவையில்லை, இப்ப கனக்கக் கடையில கண்ணாடி போட்டிருக்கு, இல்லாட்டிக் கதவு திறந்து மூடேக்க தெரியும், அதுவும் இல்லாட்டிக் காது இருக்குத்தானே. தாச்சியில அகப்பை அடிபடுற சத்தம் விட்டுவிட்டு வரோணும், இடையில தண்ணி 'சுர்ர்' எண்டோணும், அடுப்பு இரையோணும். ஒரு சத்தமும் இல்லாமல் மைக்றோவேவ் மட்டும் 'டிங்' எண்டா எழும்பி வாங்கோ. நெருப்பு இல்லாட்டிச் சைனீஸ் இல்லை, வீட்டுக் காஸ் அடுப்பில நாங்கள் செய்யிற பிரைட் றைஸ் ஏன் கடை மாதிரி வாறேல்லை எண்டு மனிசி கேப்பா, காரணம் அவவின்ர கைப்பக்குவம் இல்லை, சூடு காணாது, சோறு வறுபடுறதுக்குப் பதிலா அவியுது. அதேமாதிரி கடையிலயும் எட்டுப் பேற்ற ஓடரை ஒரே தாச்சியில கொட்டினா எவ்வளவு பெரிய அடுப்பிலயும் அவியத்தான் செய்யும்.

அடுத்தது முட்டை பிரைட் றைஸ். மேசையில இருந்த உடன எல்லாத்தையும் சொல்லிக் குவியாமல் முதல் ஒரே ஒரு முட்டை பிரைட் றைஸ் சொல்லிப் பாருங்கோ, விலையும் குறைவு. அதுக்குள்ள ஒளிக்க இடம் இல்லை, கோழி, இறால், சில்லி பேஸ்ட் ஒண்டும் இல்லாமல் சோறும் முட்டையும் லீக்ஸும் உப்பும்தான். சோறு மணி மணியா இருக்கோணும், முட்டை மஞ்சளாத் தெரியோணும், சாப்பிட்டு முடியக் கோப்பையில எண்ணெய் குளமா நிக்கக்கூடாது, மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனா லேசாப் புகைஞ்ச மணம் ஒண்டு வரோணும். அது சரி எண்டா மிச்சத்தைத் துணிஞ்சு சொல்லுங்கோ. சரியில்லாட்டி ஒரு கோப்பையோட கணக்கை முடிச்சுக்கொண்டு வரலாம்.

இதில ஒரு முக்கியமான விசயம் இருக்கு, ஆசிரியர் ஐயா, இதைக் கட்டாயம் போடுங்கோ. பிரைட் றைசுக்கு ஆறின சோறுதான் வேணும், சுடச்சுட வடிச்ச சோறு ஒட்டும், எல்லாச் சைனீஸ் கடையிலயும் சோறு முதலே காய்ச்சி வைக்கிறதுதான், அதில பிழை இல்லை. பிழை அதை எங்க வைக்கிறது எண்டதில. காய்ச்சின சோத்தை எங்கட வெக்கைக்கு மணிக்கணக்கா வெளியில வைச்சா பசிலஸ் சீரியஸ் எண்ட ஒரு பக்ரீறியா பெருகும். அதின்ர வித்து சோறு காய்ச்சிற சூட்டிலயும் சாகாது, அது விடுற நஞ்சு திருப்பி எவ்வளவு வறுத்தாலும் போகாது. சாப்பிட்டு ஒண்டு தொடக்கம் அஞ்சாறு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுக்கிறவை "சைனீஸ் ஒத்துக்கொள்ளேல்லை" எண்டு சொல்லுவினம், ஒத்துக்கொள்ளாதது சைனீஸ் இல்லை, மத்தியானத்துச் சோறு. தட்டையான தட்டில பரவி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிறிஜ்ஜில வைச்சா பயம் குறைவு. கரண்ட் நிண்டு நிண்டு வாற நாளில கடைக்காரர் இதை யோசிக்கோணும், நாங்களும் யோசிக்கோணும். பின்னேரம் மூண்டரை நாலு மணிக்கு, மத்தியானச் சனமும் போய் இரவுச் சனமும் வராத நேரத்தில, நான் எந்தக் கடையிலயும் பிரைட் றைஸ் சொல்லுறேல்லை. ஏழு ஏழரைக்குப் போங்கோ, தாச்சி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாசல் கட்டிக்கொண்டு வந்து மிஞ்சினதை மேசையில மூடி வைச்சிட்டுக் காலமை சாப்பிடுற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கு, அதையும் விடுங்கோ.

அஜினமோட்டோவைப் பற்றியும் சொல்லாட்டி இந்தக் கடிதம் முடியாது. எங்கட சனம் நல்ல கடைக்கு ஒரே ஒரு அடையாளம்தான் வைச்சிருக்கு, "அங்க அஜினமோட்டோ போடுறேல்லையாம்". அது சீனாக்காரன்ர சாமானே இல்லை, 1908 இல கிகுனே இகெடா எண்ட ஜப்பான் பேராசிரியர் கடற்பாசிக்குள்ள இருந்து பிரிச்சு எடுத்தது. அதுக்குக் கெட்ட பேர் வந்ததோ ஆசிரியருக்கு எழுதின ஒரு கடிதத்தால, 1968 இல அமெரிக்காவில ஒரு வைத்தியர், அவரும் சீனர்தான், ஒரு பெரிய மருத்துவச் சஞ்சிகைக்கு எழுதிப் போட்டார், சைனீஸ் கடையில சாப்பிட்டா எனக்குப் பிடரி விறைக்குது, நெஞ்சு படபடக்குது, சோயா சோஸோ வைனோ இந்தத் தூளோ உப்போ தெரியேல்லை எண்டு. அவர் ஐமிச்சம்தான் பட்டவர், உலகம் தீர்ப்பே எழுதிப் போட்டுது. பிறகு ஆளுக்குத் தெரியாமல் குடுத்துப் பாத்த ஆராய்ச்சியளில சாதாரண சாப்பாட்டு அளவில அப்பிடி ஒண்டு ஒழுங்கா நிரூபணமாகேல்லை. தக்காளிப்பழத்திலயும் தாய்ப்பாலிலயும்கூட இயற்கையா இருக்கிற சாமான் அது. எனக்கு அதில ஒரே ஒரு குறைதான், நெருப்பும் இல்லை கைப்பக்குவமும் இல்லை எண்ட கடைதான் அதை அள்ளிக் கொட்டும், அப்ப நாக்கு தடிச்ச மாதிரி இருக்கும், தண்ணி தண்ணியாக் குடிப்பியள். ஆனா உப்பையும் சோயா சோஸையும் அள்ளிக் கொட்டினாலும் அதே தாகம்தானே, பிறஷர்காரர் அந்தத் தூளைப் பாத்துப் பயந்துகொண்டு மேசையில இருக்கிற சோஸ் போத்திலைக் கவிட்டு ஊத்துறதைக் கண்டிருக்கிறன்.

"இது உண்மையான சைனீஸ் இல்லை" எண்டும் அந்த வாசகர் எழுதியிருந்தார். ஐயா, உண்மையான சைனீஸைத் தேடிப் போனா எங்கட மெனுவில அரைவாசியை வெட்டோணும். நாசி கொறெங் இந்தோனேசியா. சொப்சுவி அமெரிக்காவுக்குக் குடிபோன சீனாக்காரர் அங்க விக்கத் தொடங்கினது. மஞ்சூரியன் பம்பாயில 1975 இல நெல்சன் வாங் எண்டவர் செய்ததாத்தான் சொல்லினம், அவர் கல்கத்தாவில பிறந்த சீனர், மஞ்சூரியாவில அப்பிடி ஒரு சாப்பாடு கிடையாது. மங்கோலியன் றைஸுக்கும் மங்கோலியாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. டெவில் எண்டது வெள்ளைக்காரன்ர சொல். ஏன், பேக்கரியில நாங்கள் தேத்தண்ணியோட கடிக்கிற ரோல்ஸைக் கொழும்பில சைனீஸ் ரோல் எண்டுதான் சொல்லுவினம், அதை ஒரு சீனாக்காரனிட்டக் குடுத்தா இதென்ன எண்டு கேப்பான். என்ர முதலாளி பாரிசில போட்ட சாப்பாட்டைப் பாத்துச் சீனாவில இருந்து வந்த வேற ஒரு சமையல்காரன் இது சைனீஸே இல்லை எண்டு சண்டை பிடிச்சவன், முதலாளி சிரிச்சுக்கொண்டு "அப்ப நீ சாப்பிடாத" எண்டவர். சனம் போன போன இடத்தில கிடைக்கிற சாமானை வைச்சுச் சமைக்கும், நாங்கள் லாசப்பலில ஒடியல் மா இல்லாமல் கூழ் காய்ச்சினது மாதிரி.

அந்தக் கணக்கில பாத்தா யாழ்ப்பாணத்துச் சைனீஸுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அதுதான் கடல். ஹொட் பட்டர் கணவாய் சீனாவில இல்லாத சாப்பாடு, இலங்கைச் சைனீஸ் கடையளில பிறந்தது, அதுக்கு எங்கட கணவாயை விட வேற என்ன வேணும். ஆனா நல்லாச் செய்யிற இடம் குறைவு. கணவாய் எண்ணெயில கன நேரம் கிடக்கக்கூடாது, கொஞ்சம் பிந்தினாலும் றப்பர். மாவும் கோன்ஃபிளவரும் மெல்லிசாப் பிடிச்சிருக்கோணும், பஜ்ஜி மாதிரித் தடிப்பா இருக்கக்கூடாது, கடிக்கேக்க வெளியில 'கருக்' எண்டு உள்ள மெத்தெண்டு இருக்கோணும். பிறகு உண்மையான பட்டர், வெங்காயத்தாள், செத்தல் மிளகாய்த் தூள் துகள் துகளா. மாஜரீன் போடக்கூடாது. சொல்ல முதல் "தம்பி, கணவாய் இண்டைக்கு வந்ததோ, ஐசோ?" எண்டு கேளுங்கோ. நல்ல கடைப் பொடியன் உண்மையைச் சொல்லுவான், முழிச்சா கோழியோட நிண்டு கொள்ளுங்கோ. பாசையூர், குருநகர் சந்தை பக்கத்தில இருக்கிற ஊரில ஐஸ்கட்டிக் கணவாய்க்குக் காசு குடுக்கிறது எங்கட பிழை.

நான் இப்ப போற கடை பலாலி வீதிப் பக்கம் ஒரு சின்ன இடம், அஞ்சு மேசை, ஏசி இல்லை, மேல ஒரு காத்தாடி கிறீச் கிறீச் எண்டு சுத்தும். சமைக்கிற தம்பி ஹற்றன் பக்கத்துப் பொடியன், கொழும்பில ஏழெட்டு வருசம் ஒரு சைனீஸ் குசினியில நிண்டிட்டு இஞ்ச கலியாணம் கட்டி வந்தவன். முதல்நாள் போகேக்க காசு குடுக்கிற இடத்தில இருந்து பாத்தன், தாச்சி கறுத்துப் பளபளக்குது, ஒரு கையால தாச்சியைத் தன்ர பக்கம் இழுத்து எறிய சோறு எழும்பி ஒரு வளையம் போட்டு விழுது, சோயா சோஸைச் சோத்துக்கு மேல ஊத்தாமல் தாச்சியின்ர கரையில ஓட விடுறான், அது இரும்பில பட்டுப் பொசுங்கின மணம் மேசை மட்டும் வருது. பிறகு தண்ணி, பிறஷ், கவிட்டு ஊத்தல். எனக்குக் கண் கலங்கினது புகையால எண்டுதான் மனிசிக்குச் சொன்னனான்.

அந்தத் தம்பியிட்ட நான் கேட்டது மாமியின்ர விசயம். அவன் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சுது, "ஐயா, மரக்கறி றைஸ் தரலாம், தாச்சியைத் தேய்ச்சுக் கழுவிப் போட்டுத் தருவன், ஆனா அதே தாச்சிதான், அது பரவாயில்லை எண்டா மட்டும் சொல்லுங்கோ" எண்டான். அதுதான் நேர்மை. கனக்கக் கடையில வெஜிடபிள் எண்டா மேல மரக்கறி போட்டது எண்டுதான் கணக்கு, ஒயிஸ்டர் சோஸ் சிப்பியில செய்யிறது, சூப்புக்குப் போடுறது கோழித் தூள், இதெல்லாம் மச்சம் எண்டு அவைக்கு நினைப்பே இல்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும் பாதி யாழ்ப்பாணம் சைவம், வெள்ளிக்கிழமைகளில மிச்சப் பாதியில பாதி, இந்த ஊரில கடை வைச்சிருக்கிறவை இதை அறியோணும். ஐந்துசந்திப் பக்கம் இருக்கிற எங்கட முஸ்லிம் சனத்துக்கும் இதே பிரச்சினைதான் வேற மாதிரி, பன்றி போடுற கடையோ இல்லையோ, கோழி ஹலாலோ எண்டு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு நிக்கோணும். மாமியை நாங்கள் இப்ப சைனீஸுக்குக் கூட்டிக்கொண்டு போறேல்லை, அவவுக்குச் சைவக்கடையில ரெண்டு தோசை வாங்கிக்கொண்டு வாறது. கேட்டா "எனக்கு உது வேண்டாம், நீங்கள் போட்டு வாங்கோ" எண்டுவா.

கடைசியா மெனு. நான் போய்ப் பாத்த கடையளில ஒண்டிரண்டைத் தவிர எல்லாத்திலயும் இங்கிலீசில மட்டும்தான் அடிச்சிருக்கு. தெற்கில இருக்கிற காலி ரவுனில 1911 இல ஒரு கல்லுக் கண்டெடுத்தவை, இப்ப கொழும்பு மியூசியத்தில இருக்கு, 1409ம் ஆண்டு எண்டு போட்ட கல்லு, செங் ஹே எண்ட சீனக் கப்பல் தளபதி கொண்டு வந்தது, அதில சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூண்டு பாசையில எழுதியிருக்கு. அறுநூறு வருசத்துக்கு முதல் கப்பல்ல வந்த சீனாக்காரனுக்கு இஞ்ச தமிழில எழுதினாத்தான் வாசிப்பினம் எண்டு தெரிஞ்சிருக்கு, யாழ்ப்பாணத்தில சைனீஸ் கடை நடத்துற எங்கட ஆக்களுக்குத் தெரியேல்லை. தமிழில போடுங்கோ, போடேக்க புல் (முழு அளவு) எண்டா எத்தினை பேருக்குக் காணும், ஹாவ் (அரை அளவு) எண்டா எத்தினை பேருக்கு எண்டும் போடுங்கோ. ஒரு கடையில புல் மூண்டு பேருக்குக் காணும், இன்னொரு கடையில அதே காசுக்கு ஒராள் சாப்பிட்டிட்டுப் பக்கத்துக் கோப்பையைப் பாக்கோணும். சேர்விஸ் சார்ஜ், வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் எண்டதை மெனுவிலயே சொல்லுங்கோ, பில் வந்த பிறகு இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கம்பஸ் பொடியள் நாலு பேர் காசைச் சேர்த்து ஒரு புல் வாங்கிப் பங்கு போடுறவை, அவைக்கு நூறு ரூபாயும் காசுதான். போட்டிருக்கிற விலைக்கு மேல எடுத்தா பாவனையாளர் அதிகார சபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு அடிக்கலாம், சோறு மணத்தா மாநகர சபையின்ர பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இருக்கினம், ஆனா சாப்பிட்டு முடிஞ்ச பிறகு போன் அடிக்கிறதை விட சாப்பிட முதல் குசினியை ஒருக்கா எட்டிப் பாக்கிறது சுகம்.

உங்களிட்டையும் ஒரு வேண்டுகோள் இருக்கு, ஆசிரியர் ஐயா. புதுக்கடை திறந்தா முழுப்பக்க விளம்பரம் போடுறியள், நாடா வெட்டுற படம் போடுறியள், கதிரையும் லைற்றும் வடிவாத் தெரியுது. அடுத்த தடவை படம் எடுக்கப் போற தம்பியைக் குசினிக்குள்ளயும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கோ, அடுப்பையும் தாச்சியையும் சோறு வைக்கிற பிறிஜ்ஜையும். விடமாட்டம் எண்டு சொல்லுற கடை எது எண்டு தெரிஞ்சாலே எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

கடிதம் நீண்டு போச்சு எண்டு தெரியும். போனமுறை பஸ் ஸ்ராண்டைப் பற்றி எழுதினதை நீங்கள் பாதியா வெட்டித்தான் போட்டனீங்கள். இதையும் வெட்டுறதெண்டா பாரிஸ் கதையை வெட்டுங்கோ, செங் ஹேயை வெட்டுங்கோ, சோத்தைப் பிறிஜ்ஜில வைக்கிற பகுதியையும் மாமியின்ர இறாலையும் மட்டும் வெட்டிப் போடாதேங்கோ.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கொக்குவில் கிழக்கு.